எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தினமும் எதை எண்ணணும், எதை விட்டுடலாம்?

#1 தராசுமுள்

அறுவைச் சிகிச்சை முடிந்ததும் ஃபோனில் ஒரு ஆப் இறக்கி, கலோரியை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். முதல் ஆறு மாதத்துக்கு அந்தக் கணக்கால் பெரிய பயன் கிடையாது. இரைப்பையை வெட்டிக் குறுக்கும் ஸ்லீவ் சிகிச்சையில் அதன் 75 முதல் 80 சதவீதம் போய்விடுகிறது. இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு நேராக இணைக்கும் பைபாஸில் மிஞ்சுகிற பை சுமார் 30 மி.லி. தான். நீங்கள் எண்ணினாலும் எண்ணாவிட்டாலும் கலோரி குறைவாகத்தான் இருக்கும். எது குறையக் கூடாதோ அதை எண்ணுங்கள்.

நோட்டோ ஆப்போ, நான்கு பத்தி போதும்:

1. புரதம், கிராமில்
2. குடித்தது, மி.லி.-யில்
3. மாத்திரை: எது, எத்தனை மணிக்கு
4. தொந்தரவு: என்ன, எதைச் சாப்பிட்டு எத்தனை நிமிடம் கழித்து

நான்காவது பத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மருத்துவரிடம் போகும்போது அதிகம் உதவுவது அதுதான்.

புரதம் ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம். மேல் எல்லை, உயரத்துக்கு ஏற்ற எடையில் கிலோவுக்கு 1.5 கிராம் வரை. இன்றைய எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். உயரத்துக்கு ஏற்ற எடை 60 கிலோ என்றால் 60-க்கும் 90-க்கும் நடுவில் எங்காவது நிற்க வேண்டும். சிறுகுடலில் பெரும்பகுதியை ஒதுக்கிவிடும் டியோடினல் ஸ்விட்ச் செய்தவர்களுக்கு இது போதாது. அவர்களுக்கான அளவைச் சிகிச்சைக் குழுதான் சொல்ல வேண்டும்.

நீர் 1500 மி.லி.-க்குக் குறையக் கூடாது. ஒரே மூச்சில் குடிக்க முடியாது என்பதால் நாள் முழுக்க மிடறு மிடறாக. சாப்பிடும்போது குடிக்கக் கூடாது. சாப்பிட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான். தட்டில் முதலில் புரதம், அடுத்து காய், இடம் இருந்தால் மாவுச்சத்து. ஒரு வேளை உணவுக்கு 20 முதல் 30 நிமிடம்.

முதல் ஓரிரு நாள் தெளிந்த நீராகாரம், இரண்டு வாரம் வரை கெட்டியான நீராகாரம், அப்புறம் மசித்தது, அப்புறம் மென்மையானது, எட்டாவது வாரத்தை ஒட்டி வழக்கமான சாப்பாடு. பொதுவான வரிசை இது. உங்கள் குழு வேறு தேதி சொல்லியிருந்தால் அதுவே செல்லும்.

#2 உப்புக்கல்

நல்ல தொடக்கம். ஆனா புரதக் கணக்கு தப்பிப் போற இடம் தராசுலதான், அதைக் கொஞ்சம் விரிவா சொல்லிடறேன்.

பச்சை எடையா, வெந்த எடையா? கோழி நெஞ்சுக்கறி பச்சையா 100 கிராம்னா புரதம் 22, 23 கிராம். வெந்தது 100 கிராம்னா 30-ஐ ஒட்டி வரும். வேகும்போது தண்ணி வத்திடுது, அவ்வளவுதான் விஷயம். பருப்புல நேர்மாறு. உலர்ந்த பருப்பு 100 கிராம்ல 24 கிராம் புரதம், வெந்த பருப்பு 100 கிராம்ல 9தான். ஆப்ல "உலர்ந்த பருப்பு" பதிவைத் தட்டிட்டு வெந்த எடையைப் போட்டா, 100 கிராமுக்கு 15 கிராம் புரதம் ஆப்ல மட்டும் ஏறும், உடம்புல ஏறாது. மொத்தமே 60 கிராம் தேடற ஆளுக்கு அது கால் பங்கு.

மசிச்ச உணவுக் கட்டத்துல தட்டைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. அப்போ பாத்திரக் கணக்குதான் வழி:

காலிப் பாத்திரத்தை எடை போட்டு எழுதிக்கணும். உள்ளே போற ஒவ்வொண்ணையும் பச்சையாவே எடை போட்டு, புரதத்தைக் கூட்டணும். சமைச்சு, தண்ணி விட்டு அரைச்ச பிறகு பாத்திரத்தோட மொத்தமா எடை போட்டு, காலி எடையைக் கழிக்கணும். உதாரணம்: பச்சைக் கோழி 200 கிராம், புரதம் 45 கிராம். அரைச்ச பிறகு 360 கிராம் வந்துச்சுன்னா, 45-ஐ 360-ஆல வகுத்தா கிராமுக்கு 0.125. நீங்க சாப்பிட்ட 60 கிராம்ல இருந்தது 7.5 கிராம் புரதம். பாதிப் பேர் இதை 13, 14-னு எழுதியிருப்பாங்க.

சாப்பிட்டு மிஞ்சினதையும் எடை போடணும். தட்டுல வெச்சது 80, மிஞ்சினது 35-ன்னா நீங்க சாப்பிட்டது 45. முதல் மூணு மாசம் மிச்சம் வைக்காம யாரும் எழுந்திரிக்கிறதில்லை, அதனால இந்தக் கழித்தல் ரொம்ப முக்கியம்.

இன்னொண்ணு: ஆப்ல இருக்கிற பதிவுகள்ல பல, முன்னாடி யாரோ ஒரு பயனர் போட்டு வெச்சது. 1 முட்டைக்கு 12 கிராம் புரதம்னு இருந்தா அது ரெண்டு முட்டைக் கணக்கு. ஒரு முட்டைக்கு 6தான். அடிக்கடி சாப்பிடற 15, 20 பொருளுக்கு நீங்களே பாக்கெட்டைப் பார்த்துப் பதிவு உண்டாக்கி வெச்சுக்கங்க. ஒரு சாயங்கால வேலை.

#3 வெண்பலகை

புரதப் பொடியைப் பற்றி யாரும் பேசவில்லையே. முதல் மாதங்களில் 60 கிராமில் பாதி அதிலிருந்துதான் வரும்.

லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது "ஒரு பரிமாறல்" எத்தனை ஸ்கூப் என்பதை. இரண்டு ஸ்கூப்புக்கு 24 கிராம் என்று எழுதியிருப்பதை ஒரு ஸ்கூப்புக்கு 24 என்று படித்துவிடுகிறார்கள். ஸ்கூப்பில் அழுத்தி அள்ளுவதும் தளர்வாக அள்ளுவதும் ஒன்றல்ல, ஆகவே கிராமில் எடை போடுங்கள்.

கொலாஜன் பொடியை 60-க்குள் சேர்க்காதீர்கள். அதில் டிரிப்டோஃபேன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் இல்லை. லேபிளில் 20 கிராம் புரதம் என்று இருந்தாலும் தசையைக் காப்பாற்ற அதை மட்டும் நம்ப முடியாது. முடி, தோலுக்கென்று குடிப்பவர்கள் குடிக்கட்டும், தனி வரியில் எழுதட்டும்.

பால் சார்ந்த பொடி குடித்ததும் வயிறு பொருமினால், கடைசியாகக் குற்றம் சொல்ல வேண்டியது புரதத்தை. பால் சர்க்கரையான லாக்டோஸாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், பைபாஸுக்குப் பிறகு அது புதிதாகவும் தலைகாட்டும். பாலிலிருந்து எடுக்கும் வே புரதத்தில் கான்சன்ட்ரேட்டை விட்டு, லாக்டோஸ் குறைந்த ஐசோலேட்டுக்கு மாறிப் பாருங்கள், அல்லது சோயா. கொதிக்கிற திரவத்தில் வே பொடியைப் போட்டால் கட்டி கட்டியாகத் திரளும். குளிர்ந்த நீரில் கரைத்துவிட்டு, வெதுவெதுப்பானதோடு சேர்க்க வேண்டும்.

#4 மைல்கல்

தராசுமுள், ஒரு இடத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. கலோரி வேண்டாம் என்பது முதல் ஆறு மாதத்துக்குச் சரி. ஒரு வருடம் தாண்டிய பிறகும் அதே நான்கு பத்தியை வைத்திருந்தால் எடை திரும்புவதை நோட்டு காட்டிக்கொடுக்காது.

காரணம் இதுதான். பசி திரும்ப வருகிறது, கொள்ளளவும் கூடுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், வாயிலேயே கரைந்து இறங்குகிற உணவுகள்: பிஸ்கட், சிப்ஸ், ஐஸ்கிரீம், இனிப்புப் பானம். இவை பையில் தங்குவதில்லை, நிறைவும் தருவதில்லை. கோழிக்கறி 80 கிராமில் வயிறு நிறைந்தவர் அரை மணி நேரம் கழித்து ஒரு பாக்கெட் பிஸ்கட்டைச் சிரமமே இல்லாமல் முடித்துவிடுவார். புரதம் 70 கிராம், நீர் 1600 மி.லி., மாத்திரை எல்லாம் போட்டாயிற்று, நோட்டு முழுக்கப் பச்சை டிக், எடை மட்டும் ஏறிக்கொண்டிருக்கும்.

ஒரு வருடத்துக்குப் பிறகு ஐந்தாவது பத்தி ஒன்று சேருங்கள்: வாய்க்குள் எது போனாலும் அதன் நேரம். கலோரி கூட அப்புறம்தான். நாளைக்கு 4, 5 தடவை என்று இருந்தது 10, 11 ஆகிவிட்டதென்றால் கொறிக்கும் பழக்கம் வந்துவிட்டது. எடை முள் அசைவதற்கு முன்பே அது அங்கே தெரியும்.

#5 தராசுமுள்

சரிதான் மைல்கல், ஆறு மாதம் என்று சொன்னேனே தவிர அதற்கப்புறம் என்ன என்று சொல்லவில்லை. நேரப் பத்தியை ஏற்றுக்கொள்கிறேன். முழுக் கலோரிக் கணக்கை மட்டும் எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். எண்ணைப் பார்த்துப் பயந்து புரதத்தையே குறைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

#6 மாத்திரைடப்பா

மூன்றாவது பத்திக்கு வருகிறேன். "மல்டிவைட்டமின் ஒன்று, கால்சியம் ஒன்று" என்று எழுதினால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. மில்லிகிராம் வேண்டும், அதுவும் எந்த மில்லிகிராம் என்று தெரிய வேண்டும்.

ஸ்லீவ், பைபாஸ் செய்த பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் தினசரி அளவு:

– தயமின் (வைட்டமின் பி1): குறைந்தது 12 மி.கி.; 50 முதல் 100 கிடைத்தால் நல்லது
– பி12: வாய் வழியாக 350 முதல் 1000 மைக்ரோகிராம், அல்லது மாதம் 1000 மைக்ரோகிராம் ஊசி
– ஃபோலேட்: 400 முதல் 800 மைக்ரோகிராம், கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு 800 முதல் 1000
– இரும்பு: இரத்தசோகை வரலாறு இல்லாத ஆண்களுக்கு 18 மி.கி.; மாதவிடாய் உள்ள பெண்களுக்கும் பைபாஸ் செய்தவர்களுக்கும் 45 முதல் 60
– கால்சியம்: 1200 முதல் 1500 மி.கி., உணவையும் சேர்த்து
– வைட்டமின் டி3: 3000 யூனிட், இரத்தத்தில் 30 நானோகிராம்/மி.லி.-யைத் தாண்டும் வரை
– துத்தநாகம் 8 முதல் 22 மி.கி., செம்பு 1 முதல் 2 மி.கி.

இப்போது சிக்கல். டப்பாவின் முன்புறத்தில் "கால்சியம் சிட்ரேட் 1000 மி.கி." என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது உப்பின் எடை. அதில் கால்சியம் 21 சதவீதம், அதாவது 210 மி.கி. தான். மூன்று மாத்திரை போட்டு 3000 என்று நோட்டில் எழுதியிருப்பார், உள்ளே போனது 630. பின்பக்கம் பொடி எழுத்தில் தனிமக் கால்சியம் எவ்வளவு என்று இருக்கும், அதைத்தான் எழுத வேண்டும். இரும்பும் அப்படியே: பெரஸ் சல்ஃபேட் 325 மி.கி. மாத்திரையில் இரும்பு 65 மி.கி. பெரஸ் ஃபியூமரேட்டில் மூன்றில் ஒரு பங்கு, குளுக்கோனேட்டில் 12 சதவீதம்.

கார்பனேட்டில் 40 சதவீதம் கால்சியம் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். அது கரைய வயிற்று அமிலம் வேண்டும். சிகிச்சைக்குப் பின் அமிலமும் குறைவு, பலர் அமிலத்தை அடக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறார்கள். சிட்ரேட்டுக்கு அமிலமும் வேண்டாம், உணவும் வேண்டாம். கார்பனேட்தான் கிடைக்கிறதென்றால் உணவோடு சேர்த்துப் போடுங்கள்.

ஒரே தடவையில் 500, 600 மி.கி.-க்கு மேல் கால்சியம் போட்டால் உறிஞ்சப்படும் பங்கு குறைகிறது. இரும்பு உறிஞ்சப்படுவதைக் கால்சியம் தடுக்கும், இரண்டுக்கும் நடுவில் 2 மணி நேரம் விட வேண்டும். ஆகவே ஒரு நாள் இப்படி ஓடலாம்:

காலை 7: இரும்புள்ள மல்டிவைட்டமின்
காலை 10: கால்சியம் 500
பகல் 2: கால்சியம் 500
மாலை 6: இரண்டாவது மல்டிவைட்டமின்
இரவு 9: கால்சியம் 500, டி3

இது உணவில் கால்சியம் மிகக் குறைவாக இருப்பவருக்கு. பாலும் தயிரும் ஒழுங்காகச் சாப்பிடுபவர் ஒரு வேளையைக் குறைத்துக்கொள்ளலாம். டீயும் காபியும் இரும்பைத் தடுக்கும், 7 மணி மாத்திரையை அதோடு விழுங்காதீர்கள். மிட்டாய் போல மெல்லும் கம்மி வைட்டமின்களில் பெரும்பாலும் இரும்பே கிடையாது. சுவைக்காக மற்ற தாதுக்களையும் சேர்க்காமல் விட்டிருப்பார்கள்.

#7 இரவுப்பணி

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த அட்டவணை எப்படி?

#8 மாத்திரைடப்பா

லெவோதைராக்ஸினுக்கும் கால்சியம், இரும்புக்கும் நடுவே 4 மணி நேரம் வேண்டும். காலை 6-க்குத் தைராய்டு என்றால் மல்டிவைட்டமினை 10-க்குத் தள்ளுங்கள். கால்சியம் பகல் 1 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இரவு 10 மணிக்கும். இரண்டாவது மல்டிவைட்டமின் இரவு 7-க்கு. எடை இறங்க இறங்கத் தைராய்டு அளவே மாறலாம், தைராய்டு அளவைப் பார்க்கும் டிஎஸ்ஹெச் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

#9 பரிசோதனைத்தாள்

டிஎஸ்ஹெச் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமினை 5, 10 மி.கி. மாத்திரையாகச் சாப்பிடுகிறவர்கள், இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். பல ஆய்வகக் கருவிகளின் பரிசோதனை முறையிலேயே பயோட்டின் இருக்கிறது, இரத்தத்தில் மிகுந்தால் எண் கோணலாகும். டிஎஸ்ஹெச், கால்சியம் போதாதபோது ஏறும் பாராதைராய்டு ஹார்மோன் இரண்டும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். பின்னது குறைவாகத் தெரிந்தால் கால்சியம் போதுமென்று தவறாக முடிவுகட்டிவிடுவார்கள்.

ரிப்போர்ட்டில் ஏமாற்றும் மற்ற எண்கள்:

இரத்தக் கால்சியம். அது இயல்பாக இருப்பதால் நிம்மதி அடையாதீர்கள். உணவில் வராவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்தை நிரப்பிக்கொள்ளும். பாராதைராய்டு ஹார்மோனையும் வைட்டமின் டி-யையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

பெரிட்டின். இரும்பின் இருப்பைக் காட்டும் எண் இது, ஆனால் உடம்பில் அழற்சி, தொற்று இருந்தால் தானாக ஏறும். காய்ச்சல் வந்த வாரத்தில் எடுத்த பெரிட்டினை நம்பி இரும்பை நிறுத்திவிட்டால் கஷ்டம். இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனையும் கேளுங்கள்.

பி12. கல்லீரலில் வருடக்கணக்கில் இருப்பு இருக்கும், ஆகவே முதல் வருட ரிப்போர்ட் நன்றாகவே வரும். அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்துகிறவர்கள் மூன்றாம் வருடம் கால் மரத்துப்போய் வருவார்கள். எண் இயல்பின் அடி எல்லையில் ஊசலாடினால் மெத்தில்மெலோனிக் அமிலம் பார்க்கச் சொல்லலாம். பி12 உண்மையிலேயே குறைந்தால் அது ஏறும்.

ஆல்புமின். இரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம். சாப்பிடும் புரதம் போதுமா என்று பார்க்க இது மந்தமான கருவி. அரை ஆயுள் சுமார் 20 நாள், அழற்சியிலும் இறங்கும். நோட்டில் எழுதிய கிராம்தான் இதைவிட நேர்மையான சாட்சி.

இரத்தப் பரிசோதனை முதல் வருடம் 3, 6, 12-ஆம் மாதங்களில், பிறகு வருடம் ஒரு முறை என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் வழக்கம்.

#10 உப்புக்கல்

முடி கொட்டறதுக்குத் துத்தநாகம் 50 மி.கி. போடறவங்களுக்கும் ஒரு வார்த்தை. துத்தநாகம் அதிகமானா குடல்ல செம்பு உறிஞ்சப்படறது குறையும். 8 முதல் 15 மி.கி. துத்தநாகத்துக்கு 1 மி.கி. செம்புங்கிற விகிதம் காக்கணும். செம்பு குறைஞ்சா இரத்தசோகை, நடை தள்ளாட்டம், கால் மரப்பு, அச்சுஅசலா பி12 குறைபாடு மாதிரியே. பி12 ஊசி போட்டும் தீரலைன்னா செம்பைப் பாருங்க.

மூணுலேர்ந்து ஆறாம் மாசத்துல கொட்டற முடி பெரும்பாலும் வேகமா எடை இறங்கினதோட விளைவு, தானா திரும்ப வரும். ஒரு வருஷம் தாண்டியும் கொட்டினா பெரிட்டின், புரதம், துத்தநாகம் மூணையும் பாருங்க.

#11 வெண்பலகை

நான்காவது பத்தியில் வாந்தி என்று இரண்டு மூன்று நாள் தொடர்ந்து எழுத நேர்ந்தால், அது நோட்டில் எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கும் விஷயம் இல்லை. தயமின் உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருக்கும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் சாப்பாடு குறைவு, அதோடு வாந்தியும் சேர்ந்தால் சட்டென்று வற்றிவிடும்.

பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தடுமாறுவது, பேச்சில் குழப்பம், பாதத்தில் எரிச்சல்: இதில் ஒன்று வந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்காது, இரத்தக்குழாய் வழியாகத்தான் தயமின் ஏற்றுவார்கள். குளுக்கோஸ் டிரிப் போடும் முன் தயமின் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள், எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை ஆனதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். குளுக்கோஸை உடம்பு எரிக்கத் தயமின் செலவாகும். இருக்கிற கொஞ்சமும் அதில் போய்விட்டால் மூளை பாதிப்பு வேகமெடுக்கும்.

சாப்பிட்டதும் நெஞ்சில் அடைப்பு, வாயில் நுரைநுரையாக எச்சில், பிறகு வெளியே வந்துவிடுகிறது என்பது வேறு. பெரும்பாலும் வேகமாக விழுங்கியது, சரியாக மெல்லாதது, காய்ந்த கறி. அதே உணவு மூன்று தடவை நோட்டில் வந்தால் சில வாரம் ஒத்திவையுங்கள். எல்லா உணவிலும் வந்தாலோ, நேற்று இறங்கியது இன்று நீராகக்கூட இறங்கவில்லை என்றாலோ, பாதை குறுகியிருக்கலாம், எண்டோஸ்கோப்பி தேவைப்படும்.

#12 மைல்கல்

நேரம் எழுதுவதன் அருமை டம்பிங்கில், அதாவது உணவு சிறுகுடலுக்குள் வேகமாக இறங்கிவிடுவதால் வரும் தொந்தரவில், இன்னும் தெரியும். சாப்பிட்டு 10 முதல் 30 நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்று முறுக்கு, வயிற்றுப்போக்கு என்றால் முதல் வகை. சர்க்கரை செறிந்த உணவு சிறுகுடலில் திடீரென்று கொட்டி நீரை இழுப்பதால் வருவது. 1 முதல் 3 மணி நேரம் கழித்து நடுக்கம், குழப்பம், கண் இருட்டல் என்றால் இரண்டாம் வகை: இன்சுலின் மிகையாகச் சுரந்து சர்க்கரை இறங்கிவிட்டது. அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் பார்த்த எண்ணையும் எழுதுங்கள். 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே இருந்தால் கொஞ்சம் சர்க்கரை எடுக்கத்தான் வேண்டும், கூடவே சிறிது புரதமும். பயத்தில் ஒரு பெரிய தம்ளர் ஜூஸ் குடித்தால் இரண்டு மணி நேரத்தில் மறுபடியும் இறங்கும்.

இரண்டுக்கும் முதல் மருந்து தட்டிலேயே இருக்கிறது: தனி மாவுச்சத்து வேண்டாம், இனிப்புப் பானம் வேண்டாம், சாப்பாட்டோடு நீர் வேண்டாம். அப்படியும் சர்க்கரை இறங்கினால் மருத்துவரிடம் போக வேண்டும்.

#13 இரவுப்பணி

மூன்றாவது வாரம் எடை அப்படியே நின்றுவிடுகிறது என்கிறார்களே, அப்போது புரதத்தையும் குறைக்க வேண்டுமா?

#14 உப்புக்கல்

வேண்டாம். முதல் நாட்கள்ல கல்லீரல், தசைல சேமிச்சு வெச்சிருக்கிற சர்க்கரையான கிளைக்கோஜன் கரையும். ஒவ்வொரு கிராமோடயும் சுமார் 3 கிராம் தண்ணி போகும், அதுதான் ஆரம்ப வேகம். அது சமனாகும்போது முள் நின்ன மாதிரி தெரியும். தினமும் எடை பார்க்காம வாரத்துக்கு ஒரு தடவை, அதே நேரம், அதே தராசு. மாறாம இருக்க வேண்டியது 60 கிராமும் 1500 மி.லி.-யும்.

#15 அரைக்கரண்டி

அஞ்சாறு வருஷம் ஆனவங்களும் இவ்வளவும் எழுதணுமா? நடைமுறையில முடியாதே.

#16 தராசுமுள்

தினமும் வேண்டாம். மாத்திரையும் வருடாந்தர இரத்தப் பரிசோதனையும் வாழ்நாள் முழுக்க உண்டு, அதில் சலுகை இல்லை. சாப்பாட்டை மட்டும், பரிசோதனைக்கு முந்தைய வாரத்தில் மூன்று நாள் எழுதினால் போதும்: இரண்டு வேலை நாள், ஒரு விடுமுறை நாள். மூன்றும் வேலை நாளாக எடுத்தால் கொறித்தது எதுவும் அதில் விழாது. அந்த மூன்று நாளும் தராசு, மிச்சம் கழிப்பது, நேரம் எல்லாம் முழுசாக. ரிப்போர்ட்டோடு அந்தத் தாளையும் பின் அடித்துக் கொண்டுபோங்கள். எண் இறங்கியிருந்தால் உணவா, மாத்திரையா, உறிஞ்சுவதா என்று உணவியல் நிபுணர் அங்கேயே பிரித்துப் பார்த்துவிடுவார்.